பொலிசில் சொன்ன உறவு

கொழும்பு காலிமுகத்திடலில் அப்பா கடலைப் பார்த்து நின்ற அந்தக் கால் மணி நேரம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. செருப்பு இரண்டையும் ஒரு கையில் பிடித்து, மறு கையால் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். அலைக்கும் அவருக்கும் நடுவில் சுவர் இருந்தது, நனைய வழியே இல்லை. "வேட்டிய எறக்கி விடுங்க, மானம் போவுது" என்று அம்மா அதட்டினார். "தண்ணி எப்ப ஏறி வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா. இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். வடையின் மேல் முழுசாகப் படுத்திருந்த இறாலின் மீசையை அம்மா முதலில் பிய்த்துப் போட்டுவிட்டு, பிறகுதான் வாயில் வைத்தார். அவர்கள் இருவரும் வேலை ஒன்றும் இல்லாமல், சும்மா நின்று எதையாவது பார்த்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவர்கள் இந்தியர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வரும், வயிறும் எரியும். இருவரும் பிறந்தது இலங்கையில், கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். கல்யாணம் செய்ததும், கொழுந்து பறித்ததும், மூன்று வயதில் காய்ச்சலில் போன மூத்த மகனைப் புதைத்ததும் அங்கேதான். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு பிரித்தன. அப்பாவும் அம்மாவும் தம்பியும் இந்தியாவின் பங்கு. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பத்தில் முன்பே வாழ்க்கைப்பட்டிருந்ததால் நான் இங்கேயே நின்றேன். கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் தலைமன்னார் போய் அவர்கள் கப்பலேறினார்கள். வழி முழுக்க அம்மாவுக்கு வாந்தி. கடலைக் கடந்தார்களே தவிர, அதைப் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்த கோத்தகிரியிலும் அதே தேயிலைதான்.

பதினாறு வருடம் கழித்து, தம்பி அவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினான். கண்டி மஹியாவையில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்தார்கள். விசா ஒரு மாதம், சுற்றுலாவுக்கு. முதலில் கொழும்பு போய்க் கடலைப் பார்ப்பது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலஹா போவது என்று அப்பாதான் திட்டம் போட்டார். உண்மையில் அவர் வந்ததே கலஹாவுக்காக. "மூத்தவனுக்கு ஒரு சூடம் கொளுத்தணும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று வந்த அன்றே சொன்னார். எங்கள் பக்கம் பெண்கள் புதைகுழி வரைக்கும் போவதில்லை. அதனால் அம்மா அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. அப்பாவும் பெரியப்பாவும்தான் பிள்ளையைத் தூக்கிப் போனவர்கள், பெரியப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கோத்தகிரியில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த தரகர், பிறந்த இடம் இலங்கை என்று போட்டால் தேவையில்லாத கேள்வி வரும் என்று, இருவருக்கும் கோத்தகிரி என்றே போட்டுவிட்டார். அது சண்டை நடந்த காலம். கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. தமிழர் என்றால் துருவுவார்கள், இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர் என்றால் விட்டுவிடுவார்கள். "யார் என்ன கேட்டாலும் வாயத் தொறக்காதீங்க, பாஸ்போர்ட்ட மட்டும் நீட்டுங்க" என்று கோச்சியிலேயே படித்துப் படித்துச் சொன்னேன். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

கடலிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில்தான் ராணுவச் சாவடியில் நிறுத்தினார்கள். ஆமிக்காரன் சின்ன வயது, முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அப்பாவின் வேட்டியைப் பார்த்துச் சிரித்து, உங்களுக்கு எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டான். பதினாறு வருடமாக யாரும் அவரிடம் அந்த மொழியில் பேசியதில்லை. அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், கையைப் பிடிப்பதற்குள் வார்த்தை வந்துவிட்டது. "கலஹா, மாத்தயா" என்று மரியாதையாகச் சொன்னார். அதோடு விட்டாரா? பேராதெனியிலிருந்து எந்த பஸ், எந்த வளைவில் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் கண்டிச் சிங்களத்தில் அழகாகச் சொல்லிக்கொண்டே பாஸ்போர்ட்டை நீட்டினார். அதை வாசித்த பையனின் சிரிப்பு நின்றுவிட்டது.

பொலிஸில் எங்களை ஒரு மர வாங்கில் உட்கார வைத்தார்கள். அதிகாரி அப்பாவை மேசைக்கு முன்னால் நிறுத்தினார். பாஸ்போர்ட்டில் கோத்தகிரி, வாயில் கலஹா, இரண்டில் ஒன்று பொய் என்றார். கள்ளப் பாஸ்போர்ட் என்று ஆகிவிட்டால் அப்பா உள்ளேதான். அந்தக் காலத்தில் உள்ளே போனவர்களைத் தேடித் திரிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கினார். அதில் பிறந்த இடம் கலஹா என்று இருந்தது. என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் மூக்கு ஒன்று.

"தாத்தாத?" என்று கேட்டார்.

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஆமாம் என்றால் அந்தப் பாஸ்போர்ட்டின் பொய் அங்கேயே வெளியாகிவிடும். இல்லை என்றேன். கணவர் வழியில் தூரத்து உறவு, இளம் வயதில் கலஹாவில் ஒரு கடையில் வேலைக்கு வந்து நின்றவர், வயதாகிக் குழம்பிவிட்டார் என்று சரளமாக அடுக்கினேன். தமிழில் தாத்தா என்றால் வேறுதானே, அவர் எனக்குத் தாத்தா இல்லையே என்று மனதுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இத்தனை கெட்டிக்காரத்தனம் எனக்கு எங்கிருந்து வந்ததோ, இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்பாவுக்கு விளங்கியது. அதிகாரி அவர் பக்கம் திரும்பியபோது, அப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "அந்தப் புள்ள சொல்றதுதான் சரி, மாத்தயா."

நான் சொன்னதை எழுதி, வாசித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். கோச்சியில் அம்மா அழுதுகொண்டே, "பெத்த அப்பன..." என்று தொடங்கினார். "வாய மூடு, சுத்தி ஆளுங்க இருக்காங்க" என்று அப்பா அடக்கினார். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூடமும் பூவும் வாங்கி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். "கலஹாவுக்கு வேணாம்" என்றார். கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மிச்ச நாட்களில் வாசல் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தபோது என்னைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி குடுக்கிறீங்களாம்மா" என்றார். பெற்ற மகளையே 'நீங்க' என்றார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். காப்பாற்றிய என்னிடமா இந்தக் கோபம் என்று எனக்கும் ரோஷம் வந்தது. விசா முடிவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போதே கிளம்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அப்பா உயிரோடு இருந்தார். தொலைபேசியில் பேசினால், "சொகமா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். கோபம் தீரவில்லை என்று நானும் சுருக்கிக்கொண்டேன். அவர் போனபோது எனக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி கருமாதிப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தான். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக இருந்தது. மகள் என்ற சொல்லே இல்லை. கடைசி வரியில், உறவினர் என்ற இடத்தில், என் பெயர் இருந்தது.

உடனே அவனை அழைத்துக் கத்தினேன். அவன் அழுதான். "நான் மாட்டேன்னுதான் சொன்னேன்க்கா. அப்பா படுக்கையில சத்தியம் வாங்கிட்டாரு. 'அவ பொலிஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. மகள்னு நம்ம எங்கயாச்சும் எழுதி, அது அவங்க கையில கெடச்சா அவளப் புடிச்சிருவாங்க'ன்னாரு. கலஹாவுக்குப் போகாததும் அதுக்குத்தானாம். அங்க போனா, இன்னாரு மக வந்திருக்கான்னு நாலு பேரு சொல்லுவாங்கள்ல."

அப்போது சண்டை முடிந்து, சாவடிகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை யாரும் தேடப் போவதில்லை என்று ஒரே ஒரு தடவை நான் அவரிடம் சொல்லியிருந்தால் போதும். கோபம் என்று நானாக நினைத்துக்கொண்டு, கேட்காமலே பன்னிரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூடம் வாங்கிக்கொண்டு கலஹாவுக்குப் போனேன். தோட்டத்துக்குப் பின்னால் சரிவு முழுக்க மானாப்புல் என் தோளுயரம் வளர்ந்திருந்தது. அண்ணனை அதில் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, கையிலிருந்த சூடத்தோடு பஸ் ஏறினேன்.