பேனைக் கோட்டுக்குக் கீழே

என் வலது கணுக்காலுக்கு மேலே டொக்டர் நீலப் பேனையால் சுற்றிவர ஒரு கோடு கீறினார். காலில் ஏறிவரும் சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டும் என்றார். மூன்று நாள் பார்ப்போம் என்றார். ஆண்டவருக்குள் அன்பானவர்களே, அந்தக் கோட்டைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

இருபது வருடம் மன்னார்க் கரையில் வலை இழுத்தவன் நான். பிறகு ஆண்டவர் உயர்த்தினார். சொந்தப் படகு, மீன் வாடி, வேலைக்கு ஆட்கள். சம்மாட்டி ஆகிவிட்டேன். சம்மாட்டி வலை இழுப்பானா? கதிரையில் இருந்தேன். வாடிக்கு வருகிற ஒவ்வொருவரோடும் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணி. அடுத்த தெருவுக்கும் மோட்டார் சைக்கிள். வயிறு வைத்தது. ஆள் நல்லாய் வந்திட்டார் என்று ஊர் சொன்னது. எனக்கும் பெருமைதான்.

போன வருடம் தலைசுற்றி விழுந்தேன். சீனி, பிரஷர், கொழுப்பு மூன்றுமே கூட என்றார்கள். மாதம் தவறாமல் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். ஒருமுறை போனேன். என்னிடம் வலை இழுக்கிற சூசையும் நானும் ஒரே வாங்கில் அருகருகே இருந்தோம், கையில் கிளினிக் கொப்பியோடு. வெட்கமாகப் போய்விட்டது. பிறகு போகவில்லை. மாத்திரையும் நின்றது. அதற்குப் பதிலாக மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். ஆவணித் திருவிழாவுக்கு உன் கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன், இந்த வருத்தத்தை எடுத்துவிடு தாயே என்றேன்.

நடந்தேன். தார் றோட்டு கொதித்தது. கூட வந்தவர்கள் ஓரத்து மணலுக்கு ஓடினார்கள். நான் நடு றோட்டில் நடந்தேன். எனக்குச் சுடவேயில்லை. மாதா என்னைத் தூக்கிக்கொண்டு போகிறா என்று கண்ணீரோடு நன்றி சொன்னேன்.

உயிலங்குளத்தில் தேத்தண்ணிக்கு நின்றபோது, நான் வந்த வழியில் இரத்தம் இருப்பதை என் மனைவி ரோசலின் கண்டாள்.

"உங்களுக்கு நோகேல்லையா?"

"இல்லை. மாதா தாங்குறா."

அவள் என் காலைத் தூக்கி ஒரு போத்தல் துண்டைப் பிடுங்கினாள். விரல் நீளம் இருந்தது. பிடுங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு நேர்த்தியை முடித்தேன். நாலாம் நாள் காய்ச்சல். கால் வீங்கி மணத்தது.

ஆஸ்பத்திரியில் கோடு கீறி முடித்துவிட்டு டொக்டர் சொன்னார்.

"ஐயா, சீனி உங்கட காலின்ர உணர்ச்சியைச் சாக்கொண்டு போட்டுது. நோவு இருந்திருந்தால் நீங்கள் நிண்டிருப்பீங்கள்."

நான் உடைந்துபோனேன். நோயைப் பார்த்தல்லவா நன்றி சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் சிவப்பு கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. இரண்டாம் நாள் கோட்டைத் தொட்டது. அன்று நேர்த்தி ஒன்றும் பேசவில்லை. பேரம் பேச என்னிடம் என்ன இருந்தது? ஆண்டவரே, காலைத் தாரும், அந்த வாங்கில் போய் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ரோசலின் செபமாலையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, காயத்துக்கு மருந்து கட்டுகிற மிஸ்ஸி வந்து போர்வையை விலக்கினா. குனிந்து பார்த்தா. கோட்டில் விரல் வைத்து அளந்தா.

"இறங்கியிருக்கு ஐயா," என்றா.

காலின் சின்ன விரலை எடுத்ததோடு போயிற்று. கால் இருக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது கிளினிக் நாளில் முதல் ஆளாய்ப் போகிறேன். ஆறு வருடமாய் ஒரு மாதமும் தவறாமல் வருகிற சூசை, நான் வந்தால் நகர்ந்து இடம் விடுகிறான். தேத்தண்ணியில் சீனி இல்லை. வாடிக்கு நடைதான். காலையில் ரோசலின் கண்ணாடியைப் பிடித்து என் உள்ளங்காலைப் பார்த்த பிறகுதான் வெளிக்கிடுவேன்.

கேளுங்கள், அவர் தருவார். டொக்டரின் வாயாலும் தருவார், மிஸ்ஸியின் கையாலும் தருவார். நான் அதைத் தட்டிவிட்டுத்தான் வேறு அற்புதம் தேடினேன். டொக்டர் விட்டால் வருகிற ஆவணிக்கும் மாதாவிடம் நடப்பேன், சப்பாத்துப் போட்டு. மாதா கோபிக்கமாட்டா. சீனி வருத்தம் உள்ளவர்கள் எங்களோடு வாருங்கள். செருப்பைக் கழற்றாமல் வாருங்கள்.