பி சைடின் கடைசிப் பாட்டு

எங்கள் வீட்டில் ஒரு பாட்டு ஏறக்குறைய முப்பது வருடமாக முடியாமலே இருந்தது.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆகும் முன்பு, ராயப்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய பாட்டு அது. பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் வரிசையாக ஏற்றித் தருவார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மீன் விற்றுத் திரும்பும் வழியில் காலிக் கூடையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு வரி பாடிக் காட்டியிருக்கிறாள். கடைக்காரர் சிரிக்காமல் எழுதிக்கொண்டாராம். எல்லாமே ஒரே ஆளின் பாட்டுகள். சினிமா பக்கம் போகாமல், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரை மாட்டிக்கொண்டு பாடியவர்.

பி சைடில் கடைசிப் பாட்டு முழுசாக ஏறாது, வேறு ஏதாவது சின்னதாகப் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"எவ்ளோ எடம் கீதோ அவ்ளோ போடு நைனா," என்றாளாம் அம்மா.

மிச்சத்தை இன்னொரு கேசட்டில் போட்டுக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அதற்குள் கல்யாணம் வந்தது, நான் வந்தேன், அந்தக் கடை செல்போன் ரிப்பேர் கடையாக மாறிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் தினமும் ஒரு பெண்ணைப் பார்க்கும் பையனின் கதைதான் அந்தப் பாட்டு. மழையில் பார்க்கிறான், வெயிலில் பார்க்கிறான், ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசிச் சரணத்தில் துணிந்து அவள் பக்கத்தில் போய் நிற்கிறான். வாயைத் திறக்கிறான். டக். எங்கள் கேசட் அங்கே தீர்ந்துவிடும். டேப் ரெக்கார்டரின் பொத்தான் தானாக எழும்பும் சத்தம்தான் எங்களுக்கு அந்தப் பாட்டின் முடிவு.

அந்தப் பையன் என்ன சொன்னான் என்பது வீட்டில் தீராத வழக்கு. "இன்னா சொல்லியிருப்பான், சில்லற கீதான்னு கேட்டுருப்பான்," என்பார் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் அப்பா. அம்மாவின் பதில் அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. அப்பாவோடு சமாதானமாக இருந்தால் பையனுக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகியிருக்கும். சண்டை என்றால் அந்தப் பெண் செருப்பைக் கழற்றியிருப்பாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரிக்கும் போனேன். இதைச் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும். இரண்டாம் வகுப்பில் அந்தக் கேசட் அட்டையில் இருந்த பட்டியலை அம்மாவுக்கு மடமடவென்று வாசித்துக் காட்டினேன். என் பொண்ணு படிச்சுட்டா என்று பட்டினப்பாக்கம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மையில் வரிசை எனக்கு மனப்பாடம். ஏழாவது பாட்டுக்குக் கடைக்காரர் வேறு எதையோ எழுதி வைத்திருந்தார் என்பதே நாலாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு நல்ல போன் வந்த பிறகு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"இத்தினி வருசம் காத்துக்கினு இருந்துட்டு போன்லயா கேப்பேன்? அவரு நேர்ல வந்து அவரு வாயால பாடி முடிக்கட்டும்."

அவர் மேடையேறியே பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடினால் கடைசிச் சரணம் வருவதற்குள் தெரு தாண்டிவிடுவாள்.

என்னால் அப்படி இருக்க முடியவில்லை. கல்லூரி முதல் வருடம், அடையாறு பஸ்ஸில், தோழியின் இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு முடிவைக் கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் அம்மா மீன் கழுவிக்கொண்டே அதைப் பாடினாள், நானும் கூடப் பாடினேன். வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். ஏழு வருடம் அதே இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் நந்தனத்தில் ஒரு மைதானத்தில் அவருடைய கச்சேரி என்று விளம்பரம் வந்தது. தேனாம்பேட்டை ஆபீஸில் மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு இரண்டு டிக்கெட் எடுத்தேன். அம்மா தன் மயிலாப்பூர் வாடிக்கைகளிடம் ஒரு வாரம் முன்பிருந்தே அறிவிப்புக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை வஞ்சிரம் கேட்டு யாரும் வரக்கூடாது.

கிளம்பும் முன் என் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினாள். "வாசன வருதா பாரு."

"வருது மா."

"வரட்டும். மூணு வாட்டி சோப்பு போட்டாச்சு. அதுக்கு மேல அது இன்னா பண்ணும்."

எங்கள் பக்கத்து நாற்காலியில் அம்மா வயதில் ஒரு மாமி. தனியாக வந்திருந்தார். "எங்காத்துல ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டா. நான் பாட்டுக்குக் கிளம்பி வந்துட்டேன்," என்றார். எந்தத் தெரு என்று அம்மா கேட்டாள். மாமி சொன்னார்.

"அந்தத் தெருவா? அங்க நான் கொரலே குடுக்கமாட்டேன் மாமி. வேஸ்ட்டு."

"எம் பிள்ளை ஆபீஸ் வாசல்ல வந்து குரல் குடுங்கோ. முதல் ஆளா ஓடி வருவான்," என்றார் மாமி. இரண்டு பேரும் தோளில் தட்டிக்கொள்ளாத குறை.

விளக்குகள் அணைந்தன. டிரம்ஸின் முதல் அடி நாற்காலிக் கால் வழியாக ஏறி முதுகில் வந்து நின்றது. அவர் நடந்து வந்தார். முடி வெளுத்திருந்தது, காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கிடாரைத் தொட்டதும் நாற்பது வயது குறைந்துவிட்டது. நான் கத்தினேன். ஆபீஸில் குரல் உயர்த்தாத பெண் என்று எனக்குப் பெயர்.

முதல் பாட்டு முடிந்ததும், அம்மா எங்கள் கேசட்டின் அடுத்த பாட்டை ஓங்கி ஆரம்பித்தாள். மேடையில் அவர் வேறொன்றைத் தொடங்கினார்.

"தப்பா போறாரு," என்றாள் அம்மா.

"இல்லையே. கம்பெனி கேசட்ல இதான் ரெண்டாவது. ஒரிஜினல் எங்கிட்ட இருக்கு," என்றார் மாமி.

"எங்கிட்ட கீறது நானே பாடி எழுதி வாங்கினது," என்றாள் அம்மா, அதைவிட ஒரிஜினல் உண்டா என்கிற தோரணையில். முப்பது வருடமாக அந்த வரிசைதான் உலகத்துக்கே வரிசை என்று நம்பியிருக்கிறாள். நானும்தான், பத்து வயது வரை.

ஒன்றரை மணி நேரம் ஆடினோம். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அம்மா விரலை மடக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேசட்டில் இருந்த எல்லாம் வந்துவிட்டது, அது மட்டும் வரவில்லை. இன்னும் இரண்டு பாட்டுதான் என்று அவர் சொன்னார். முதலாவது அது இல்லை. அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கிடாரில் ஆறே ஆறு ஸ்வரம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். செதில் உரசி உரசிச் சொரசொரத்த கை.

மழை வந்தது, வெயில் வந்தது. பையன் அவள் பக்கத்தில் போய் நின்றான். வாயைத் திறந்தான். அந்த இடத்தில் அவர் வாத்தியங்களை நிறுத்திவிட்டு, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

"இன்னாடி பண்றாரு?"

"நம்மள பாடச் சொல்றாரு மா."

"எனுக்குத் தெரியாதே," என்றாள் அம்மா. அன்று அந்த மைதானத்தில் அவளுக்குத் தெரியாத வரிகள் அவை மட்டும்தான்.

மைதானமே பாடியது. மாமி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். என் வாய் என்னைக் கேட்காமல் பாடியது. அம்மா மேடையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. அவர் வாயால் முடிக்க வேண்டும் என்பதுதானே அம்மாவின் ஒரே நிபந்தனை. அவர் எழுந்து கும்பிடத் தொடங்கிவிட்டார்.

அம்மா நாற்காலி மேல் ஏறினாள். இடது கையைக் காதோரம் வைத்தாள். மூன்று தெரு தாண்டி மாடி வீட்டுக்கும் போய்ச் சேரும் குரல் அது. தினமும் காலையில் சங்கராவுக்கும் நெத்திலிக்கும் கொடுக்கிற குரல்.

"நைனாவ்... நீ பாடு நைனாவ்..."

எங்கள் வரிசை சிரித்தது. பிறகு மாமி கையைத் தட்டி, "நீங்க பாடுங்கோ," என்றார். முன் வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுவதும், நீ பாடு, நீ பாடு.

அவர் நெற்றிக்கு மேல் கை வைத்து இருட்டுக்குள் பார்த்தார். "குரல் இப்ப அங்க ஏறமாட்டேங்குது. அதனாலதான் உங்ககிட்ட குடுத்தேன்," என்றார். "கீழ பாடினா பரவாயில்லையா?"

"எங்க வேணா பாடு," என்றாள் அம்மா.

பாடினார். தாழ்ந்த குரலில், மெதுவாக, அங்கங்கே மூச்சு வாங்கிக்கொண்டு. பையன் பேசுவதற்குள் அந்தப் பெண் பேசிவிடுகிறாள். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டாப் இருக்கிறது, இவ்வளவு தூரம் எதற்கு நடந்து வருகிறேன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "கெட்டிக்காரி," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"காலேஜ் மொத வருசம்."

"அப்போலேர்ந்து வாய மூடிக்கினு கீற."

"நீதான அவரு வாயால கேக்கணும்னு சொன்ன."

என் கன்னத்தைப் பிடித்துத் திருகினாள். வலித்தது. இன்னும் கொஞ்சம் திருகியிருக்கலாம்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பாடுனாரா? இன்னா சொன்னான் அந்தப் பையன்?" என்று சோற்றுக் கையோடு கேட்டார்.

அம்மா தலையில் இருந்த பூவை எடுத்து ஆணியில் மாட்டினாள். "நீ டிக்கெட் வாங்கிக்கினு போய்க் கேளு."

மறுநாள் காலை கூடையைத் துடைத்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினாள். பையன் வாயைத் திறந்த இடத்தில் நிறுத்தினாள். அப்பா தலையைத் தூக்கினார். கூடப் பாடிய நானும் நிறுத்தினேன். அம்மா என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க லேசாக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.