வேம்புவின் முஷ்டி

மந்தைவெளி வேம்புவுக்குச் சிவப்புக் கொடியைக் கண்டாலே ஆகாது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனிக்கு பர்சனல் மேனேஜராக இருந்த காலத்தில், கேட்டுக்கு வெளியே கோஷம் கேட்டால் உள்ளே இவருக்குக் காபி இறங்காது. யூனியன்காரர்களோடு கடைசிவரை மல்லுக்கு நின்றவர். ரிடையர் ஆன பிறகும் சாப்பாட்டு மேஜையில் அவர்களைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்டவரைப் பக்கவாதம் அடித்தது. அடித்ததுதான் அடித்தது, என்ன குசும்போ, வலது முழங்கையை மடக்கி, விரல்களை இறுக்கி, முஷ்டியை நெஞ்சுக்கு மேலே தூக்கி நிறுத்திவிட்டுப் போயிற்று.

நடை திரும்பிவிட்டது. முஷ்டி மட்டும் மசியவில்லை. நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகும். அவர் சம்சாரம் கோமளா மாமி அதைப் பிரித்துக் கழுவுவதற்குள் இருவருக்கும் வேர்த்துவிடும். எல்லாவற்றையும்விட அவரைக் கொன்றது சாப்பாடு. இடது கையால் சாப்பிட மனசு ஒப்பவில்லை. மாமிதான் ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டினாள். கல்யாணம், சீமந்தம் என்று யார் கூப்பிட்டாலும் போவதில்லை. பந்தியில் நாலு பேர் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு உட்கார்வதைவிடப் பட்டினியே மேல் என்று இருந்தார். தன் கையால் ஒரு வாய் சாதம் சாப்பிட வேண்டும், வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை.

இந்த லட்சணத்தில் சாயங்கால நடை வேறு. ரயில் ஸ்டேஷன் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் புதிதாகச் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். முஷ்டியும் முறைப்புமாக அந்தக் கொடியைப் பார்த்தபடி வேம்பு வர, டிரைவர் வலியுல்லா துள்ளி எழுந்து தன் முஷ்டியையும் உயர்த்தினார்.

"வணக்கம் தோழர்! இந்த வயசுலயும் இன்னா ஒரு வேகம்!"

"நான் தோழர் இல்லேய்யா!"

"நம்மகிட்ட இன்னாத்துக்கு தோழர் அடக்கம்?"

மறுநாளிலிருந்து ஸ்டாண்டே எழுந்து நின்றது. டீ வந்தது. அவர் ரோடு தாண்ட வண்டிகளை மறித்தார்கள். "இந்தக் கை என் மானத்தையே வாங்கிண்டிருக்கு" என்று வீட்டில் பொரிந்தார். வேறு தெரு வழியாகப் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை.

கடைசியில் மாமி அவரை அடையாறுக்கு டாக்டர் ஸ்ரீலக்ஷ்மியிடம் இழுத்துப் போனாள்.

"போடாக்ஸ் ஊசி போடலாம் மாமா," என்றாள் டாக்டர்.

"சினிமாக்காரா மூஞ்சியில போட்டுக்கறாளே, அதுவா?" என்றாள் மாமி.

"அதேதான். மாமாவுக்குக் கையில, முழங்கைக்கு மேலயும் கீழயும். இறுகின தசையை அது தளர்த்தும்."

"அது விஷம்னு படிச்சேனே," என்றார் வேம்பு.

"விஷம்தான். ஆனா துளியூண்டு, அந்தத் தசைகளுக்கு மட்டும். பலன் மெதுவாத்தான் தெரியும், சில மாசம் நிக்கும். ஊசி தளர்த்தி விடும், விரலை வேலை வாங்கறது உங்க பொறுப்பு."

'மெதுவா' என்றதை வேம்பு காதில் வாங்கவே இல்லை. ஸ்கேனில் தசையைப் பார்த்து ஊசி போட்டு முடித்த கையோடு, திரும்பும் வழியெல்லாம் "திற, திற" என்று முஷ்டியை மிரட்டிக்கொண்டு வந்தார். யூனியனை மிரட்டிய அதே குரல். வீட்டுக்கு வந்ததும் இலை போடச் சொல்லி உட்கார்ந்தார். முஷ்டி அசையவில்லை. மாமியே ஊட்டினாள். போதாக்குறைக்கு, மாமா போடாக்ஸ் போட்டுக்கொண்ட சேதி பக்கத்து ஃபிளாட்டுக்குப் பரவி, இரண்டு மாமிகள் வந்து அவர் முகத்தையே உற்றுப் பார்த்து, பத்து வயசு குறைந்துவிட்டதாகச் சொல்லிப் போனார்கள். வேம்புவுக்கு வந்த கோபத்தில், முகத்தில் இருந்த சுருக்கமும் இரண்டு மடங்காயிற்று.

கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து, மாமி கையைக் கழுவும்போது கட்டைவிரல் சண்டை போடாமல் விலகியது. அப்புறம் மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக. மடங்கியிருந்த முழங்கையும் இறங்கிக் கொடுத்தது. தினமும் நீட்டி மடக்கிப் பழகிப் பழகி, ஒரு மத்தியானம் அவர் விரல்கள் ரசஞ்சாதத்தில் இறங்கின. பாதி மடியில், பாதி சட்டையில். ஒரு வாய் மட்டும் உள்ளே போயிற்று.

"உப்பு கம்மி" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"இத்தனை நாளா நான் ஊட்டறச்சே தெரியலையாக்கும்" என்று மாமி தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், இனி எவன் தோழர் என்கிறான் பார்க்கலாம் என்று, மாமியையும் கூட்டிக்கொண்டு கையைத் தொங்கப்போட்டபடி ஜம்மென்று நடந்தார். வலியுல்லா எழுந்தார். தொங்கும் கையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"இன்னா தோழர், கை இப்டி தொங்கிக்கினு கீது? ஒடம்பு சரியில்லியா? குந்துங்க, வீட்டாண்ட வுட்டுர்றேன்."

ஸ்டாண்டு மொத்தமும் கவலையோடு சூழ்ந்துகொண்டது. வேம்பு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் ரிடையர் ஆன அன்று கம்பெனி கேட்வரைக்கும் வழியனுப்ப ஒரு ஆள் வரவில்லை. மெல்லக் கையைத் தூக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். சுண்டுவிரல் முரண்டு பிடித்தது. இடது கையால் அதையும் மடித்து வைத்து, முஷ்டியை நெஞ்சுக்கு மேலே உயர்த்தினார். விசில் பறந்தது.

"என்னன்னா இது கூத்து?" என்றாள் மாமி.

"மடக்கி நீட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காளோன்னோ" என்றார் வேம்பு, கையை இறக்காமலே.