பத்திரிகையில் இல்லாத பேர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், மீசைக்கு மட்டும் சாயம் பூசிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிக்கடைப் பை, அது நிறையப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சொந்தக்காரர் பெயர்களை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

"எனக்கு ப்ளஸ் பவர் சார். கிட்ட இருக்கறது எதுவும் தெரியாது. கண்ணாடி போட்டா கெழவன்னுவாங்கன்னு போடல. போன மாசம் லேசர் பண்ணிகினேன். இப்பதான் பாக்குறேன், மச்சான் கல்யாணப் பத்திரிகையில என் பேரே இல்ல! பன்னண்டு வருஷமா அவங்கிட்ட சிரிச்சிப் பேசிகினு இருந்திருக்கேன்!"

"அதுக்கு?"

"சண்ட போடத்தான் போறேன். பவர் கொஞ்சம் திரும்ப வரலாம்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குள்ள எல்லார்கிட்டயும் போட்டு முடிச்சிடணும்."

இரண்டு வருஷம் கழித்து, அதே தடத்தில் மறுபடி அவர். கையை நீட்டி எட்டப் பிடித்திருந்த புதுப் பத்திரிகையை என்னிடம் தந்து, தன் பேரைச் சொன்னார். "மச்சான் பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு சார். என் பேர் இருக்குதா பாருங்க."

இரண்டு முறை தேடினேன். இல்லை.

"இருக்கே, நாலாவது வரியில" என்றேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பழைய பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இதுலயும் பாருங்க சார். அன்னிக்கு நாந்தான் தப்பாப் படிச்சிருப்பேன்."

சிதம்பரம் வருவதற்குள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் பேரைப் படித்து முடித்திருந்தேன்.