வராத பிள்ளைக்கு ஒரு டிக்

விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெருவிலுள்ள அங்கன்வாடியில் சித்ரலேகா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். ஊசிக்குப் பயந்து ஓடும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், அழுகையை ஆற்றித் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். "டீச்சர் கையில விட்டா கவலையே இல்ல" என்று தாய்மார் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கவே இப்போது அவளுக்குக் கூசுகிறது.

இசக்கிச்செல்வியின் மகள் உலகு மூன்று வயதில் அங்கே சேர்ந்தாள். அப்பா மில்லில் ஒப்பந்தக் கூலி. பிள்ளை ஓடும், சிரிக்கும், சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து உட்காரும். கூப்பிட்டால் மட்டும் திரும்பாது, பேச்சும் வரவில்லை. சித்ரலேகா ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டாள்.

"அவ அப்பாவும் நாலு வயசுலதான் வாய் தொறந்தாவளாம், டீச்சர். அத்தை சொல்லுதாவ" என்றாள் செல்வி. அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குச் செல்வி குடும்பம் சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கியிருந்தபோது, பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்தது. வராத பிள்ளைகளைப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவரச் சொல்லி, படிவங்களைச் சித்ரலேகாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் கழிந்தது. மேலே இருந்து படிவம் கேட்டுப் போன் மேல் போன் வந்தது. சித்ரலேகா பிள்ளையைக் கூட்டிப்போகாமலே உலகுவின் படிவத்தில் காது, கண், பல் என்று வரிசையாக 'குறை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஒன்றாம் வகுப்பில்தான் தலைமையாசிரியை கண்டுபிடித்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். இரண்டு காதும் கேட்கவில்லை. "ஆறு வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணிக் காதுக்குள்ள கருவி வச்சிரலாம். காப்பீட்டு அட்டை இருந்தா உங்களுக்குச் செலவே இல்ல" என்றார் டாக்டர். ஆறு முடிய நான்கு மாதம் இருந்தது.

செல்வி வீட்டில் அட்டை இல்லை. தனிக்குடித்தனம் வந்தும் ரேஷன் கார்டில் பெயர் பிரிக்கவில்லை. பிரித்தால்தான் புதுக் கார்டு, கார்டு வந்தால்தான் வருமானச் சான்று, சான்று இருந்தால்தான் காப்பீட்டு அட்டை. இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கும் சித்ரலேகாவே அலைந்தாள். இனிஷியல் தப்பென்று விண்ணப்பம் ஒருதடவை திரும்பி வந்தது. டீச்சர் ஏன் இப்படி ஓடுகிறாள் என்று செல்விக்கு விளங்கவில்லை. கடைசியில் அட்டை கைக்கு வந்தபோது உலகுவுக்கு ஆறு முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

வயது தாண்டிவிட்டதால் காப்பீட்டுத் திட்டத்தில் இனி இடமில்லை, வெளியே காதில் மாட்டும் கருவி மட்டும் தரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், பிள்ளை செல்வியின் மடியில் தூங்கிக்கொண்டிருக்க, சித்ரலேகா வாய் திறந்தாள்.

"செல்வி, மூணு வயசுலயே இது தெரிஞ்சிருக்கும். நான்தான் பாக்காமலே நல்லாருக்கான்னு எழுதிட்டேன்."

செல்வி நழுவிய பிள்ளையை மடியில் நிமிர்த்திக்கொண்டாள். பிறகு, "அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தாலும் நாங்க நம்பியிருக்க மாட்டோம், டீச்சர்" என்றாள்.

செல்வி திட்டியிருந்தால் சித்ரலேகா தாங்கியிருப்பாள். நம்பாவிட்டால் என்ன, நாலு தடவை போய் நின்றிருக்கலாமே என்றுதான் நினைத்துக்கொண்டாள். தன் தப்பை மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்தாள். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பதில் போட்டாள், அத்துடன் சரி.

போன வருஷம் ஓய்வு பெற்றாள். காதில் மாட்டிய கருவி அவ்வளவாக உதவாததால் உலகு பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் படிக்கிறாள். லீவில் வரும்போது அம்மாவும் மகளும் கைகளால் மளமளவென்று பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். சித்ரலேகா எதிரே உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது.