அகல டயரும் அத்தையின் ரிவர்ஸும்

தெருவில் அவளுக்குக் கிளட்ச் அக்கா என்று பெயர். காலையிலிருந்து மாலை வரை "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக்கொண்டே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுடைய பயிற்சி வண்டி பழசு, பவர் ஸ்டீயரிங் எல்லாம் கிடையாது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் நடைபாதை ஓரத்தில் உரசி உரசி டயர்களை மொட்டையாக்கி வைத்திருந்தார்கள்.

புது டயர் வாங்கப் போனவள், கடையில் அடுக்கியிருந்த அகல டயர்களைப் பார்த்ததும் சொக்கிப்போனாள்.

"இதைப் போட்டா வண்டி ஜம்முனு நிக்கும்க்கா" என்றார் கடைக்காரர்.

ஜம்மென்றுதான் நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்க்க, அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது அவளிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர்களில் அவளுடைய மாமியாரும் ஒருவர். தையல் கடைக்காரி. துணிக்கட்டுகளைக் கொண்டுவர யாரிடமும் கெஞ்சக் கூடாது என்று வைராக்கியம். ஓட்டுநர் தேர்வில் ஏற்கெனவே ஒரு தடவை கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்திருந்தார். "இந்தத் தடவையும் இடிச்சா, இந்த ஆசையையே விட்டுடணும்மா" என்று மகன் கறாராகச் சொல்லிவிட்டான்.

புது டயர் மாட்டியதிலிருந்து மாமியாரின் ரிவர்ஸ் இன்னும் மோசமாகிவிட்டது.

"ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கும்மா. முழுசா ஒடிச்சா எங்கயோ உரசுது."

"ஓட்ட வரலைன்னா டயரைக் குத்தம் சொல்லாதீங்க அத்தை!"

"அப்ப நீ ஓட்டிக் காட்டேன்."

வீம்புக்கு உட்கார்ந்தாள். பின்னால் வளைத்தாள். பயிற்சிக்கு நட்டிருந்த கம்பம் டமாலென்று விழுந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், அகலமான முன்டயர் வண்டியின் உள்பக்கத்தில் முட்டிக்கொண்டு பாதிக்குமேல் திரும்ப மறுக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. அத்தையை என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள்!

அன்றே டயர் கடைக்குப் போனாள். ஓட்டுநர் கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் வண்டி செய்தவர்கள் ஒட்டியிருந்த தாளை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இதுல போட்டிருக்கிற அளவுதான் வேணும். பக்கவாட்டு கெட்டியா இருக்கணும். என் ஆளுங்க அங்கதான் உரசுவாங்க."

"பாக்க ஒல்லியா இருக்குமேக்கா."

"இருக்கட்டும். என் வண்டி என்ன அழகுப் போட்டிக்கா போகுது?"

தேர்வன்று மாமியார் வண்டியைப் பின்னால் எடுத்தபோது கிளட்ச் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டீயரிங் கடைசிவரை சுற்றியது. வண்டி நெளிந்து, வளைந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே அலுங்காமல் போய் நின்றது. "பாஸ்" என்றார் அதிகாரி. மருமகள் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் பதறிப்போனார்கள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீடுவரை மாமியார்தான் ஓட்டினார். மகன் வாசலுக்கு ஓடிவந்து, "இறங்கும்மா, கேட்டு குறுகல், நான் உள்ள விடறேன்" என்றான்.

அவர் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்து, ஒரே வளைப்பில் பின்பக்கமாகவே வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"நாளைக்குத் துணி எடுக்கப் போறேன்டா. வேணும்னா நீயும் வா, பக்கத்துல உக்காந்துக்கலாம்."