ஜாக்கி சரிந்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு, வெள்ளானூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. எங்களுடையது பன்னிரண்டு வருடப் பழைய கார். தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் மூன்று நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆனது, ஓடவும் செய்தது. ஆனால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் ஒரு கனம். ஒரு சனிக்கிழமை பூந்தமல்லி போய்த் திரும்பும்போது தீய்ந்த வாசனை வந்தது. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. பிடித்த பிரேக் விடவே இல்லை.

அப்போது என் மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கப் போக வேண்டும். எங்கள் மெக்கானிக் ஊரில் இல்லை. "வாடகைக் கார் வச்சுக்கலாங்க" என்றாள் அவள். எனக்குத்தான் வீம்பு. இரண்டு வீடியோ பார்த்ததுமே பாதி மெக்கானிக் ஆகிவிட்ட நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடச் சொன்னது வீடியோ, எடுத்துவிட்டேன். அது வரைக்கும் சரி. பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரையும் எப்படியோ கழற்றித் தொங்கவிட்டேன். அதற்குள் உருண்டையாக ஒரு பிஸ்டன். அதை உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது என்று நினைத்து, இரும்பு கிளாம்ப் ஒன்றை மாட்டி முறுக்கினேன். அசையவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண் வந்தார். குடிவந்து மூன்று மாதம் இருக்கும். தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போவார். அங்கே ஏதோ ஆபீஸ் வேலை என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். கையில் பால் பாக்கெட்டோடு நின்று, என்னைப் பார்க்காமல் ஜாக்கியைப் பார்த்தார்.

"அண்ணே, வண்டி கியர்ல கீதா?"

"அதெல்லாம் பாத்துக்கிறேன் சிஸ்டர்" என்றேன்.

"கழட்டுன வீலு சும்மாதானே கெடக்குது. வண்டி அடில தள்ளிடுங்க. முன்னாடி டயருக்கு ரெண்டு கல்லு வைங்க."

நான் கிளாம்ப்பையே முறுக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் நாலு பேர் பார்க்கும்போது ஒரு பெண் எனக்குக் கார் வேலை சொல்லித்தருவதா என்று உள்ளுக்குள் எரிச்சல். உண்மையைச் சொல்வதானால் அதுதான். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் தானே உருட்டிவந்து, படுக்க வைத்து, காலால் வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, பால் பாக்கெட்டோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஒரு பத்து நிமிடம் போயிருக்கும். தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டு, கிளாம்ப் பிடியில் ஒரு பைப்பைச் சொருகி முழுப் பலத்தோடு இழுத்தேன். கியரிலும் இல்லாத வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். காலை இழுக்க வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை. 'டம்' என்று ஒரு சத்தம்.

வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் விழுந்து நின்றது. என் முழங்காலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

வாசலில் உட்கார்ந்திருந்த என் மனைவி போட்ட அலறலில் தெருவே திரும்பியது. முதலில் ஓடிவந்தவர் அந்தப் பெண்தான். என்னை அக்குளில் கைகொடுத்து இழுத்து உட்கார வைத்தார்.

"கால் வெரல ஆட்டுங்க. ரெண்டு கால்லயும். ஆங்... ஒண்ணியும் இல்ல. அக்கா, அழாதீங்க. அண்ணனுக்கு ஒண்ணியும் ஆவல."

யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அவர் வீட்டுக்குப் போய் இரண்டு தடித்த மரக்கட்டைகளும் ஒரு கருவிப் பையும் கொண்டுவந்தார். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தார், கியரில் போட்டார், திரும்ப ஜாக்கி ஏற்றிக் கட்டைகளை அடுக்கினார். வண்டியை இரண்டு முறை உலுக்கிப் பார்த்த பிறகுதான் கீழே உட்கார்ந்தார். தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். பதினோரு வருடமாகக் கனரக வண்டிகளோடுதான் வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இது அழுத்துற ஜாதி இல்லண்ணே. திருவுற ஜாதி. ஹேண்ட் பிரேக்கும் இதுக்குள்ளயே கீது பாருங்க" என்று சொல்லி, பிஸ்டன் முகத்தில் இருந்த பள்ளங்களில் பிளையரை வைத்து, அழுத்தியபடியே திருகினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கியதற்கு அசையாதது, கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு உள்ளே போனது. ஆனால் அவர் முகம் மலரவில்லை. பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து உள்ளே துரு ஏறியிருந்தது. "இத்த இப்டியே மாட்னா நாளைக்கி ஓடும். அப்பால மறுபடி புடிச்சிக்கும். வாங்க, புது ரப்பரு போய் வாங்கியாந்துரலாம்."

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அம்பத்தூர் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தே ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அந்தப் பெண்ணைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது கேள்வியிலிருந்து கடைக்காரரும் அவரிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வந்ததும் பிஸ்டனை முழுசாக வெளியே எடுத்தார். உப்புத்தாளால் துருவைத் துடைத்து, புது ரப்பர்களைப் போட்டு, காலிப்பர் நகர்வதற்கு உள்ள, இறுகிக் கிடந்த பின்களை இழைத்துக் கிரீஸ் தடவினார். வலதுபக்கத்தையும் விடவில்லை, அதுவும் பாதி இறுகித்தான் இருந்தது. கடைசியில் பிரேக் ஆயிலில் இருந்த காற்றை எடுக்க வேண்டும். நான் டிரைவர் சீட்டில். அவர் கீழே, காலையில் என் கால்கள் இருந்த அதே இடத்தில் படுத்துக்கொண்டார்.

"மிதிங்க... புடிச்சிக்கோங்க... உடுங்க."

எனக்குப் பெடலில் கால் வைக்கவே பயமாக இருந்தது. நடுவில் இரண்டு முறை இறங்கிப் போய் கற்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை. "பாத்துக்கினே இருங்க, அதான் கரெக்ட்டு" என்றார் கீழேயிருந்து.

மதியம் தெருவை நான்கு சுற்று சுற்றி, பிரேக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். இறங்கியதும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இல்லண்ணே. நாளைக்கி அக்காவ தைரியமா இட்டுகினு போங்க." கையைக் கழுவிக்கொண்டு, என் மனைவி நீட்டிய டீயை வாங்கிக் குடித்தார். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ஜாக்கி சரிந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் அவர் சொன்னதையும், நான் கேட்காமல் இருந்ததையும் நானாகத்தான் பிறகு மனைவியிடம் சொன்னேன். நான் ஒரு குடோனில் சூப்பர்வைசர். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு நாளைக்குப் பத்து பேரிடமாவது சொல்கிறவன். அதைச் சொல்ல எல்லா நியாயமும் இருந்த அந்த ஒரு நாளில், வேலை தெரிந்த அந்தப் பெண் என் கால் விரல்களை ஆட்டச் சொன்னாரே தவிர, அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவர் காட்டிய அந்தப் பெருந்தன்மையைத்தான் இன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.